கைவினையும் செய்வினையும்

கிழட்டுக் குதிரை ஒன்று வண்டியை இழுத்துப்போகிறது. வண்டியில் இருப்பவளுக்குச் சாக்குத்துணிதான் உடை. கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது, முகம் வெளிறியிருக்கிறது. ஊரே திரண்டு நின்று சூனியக்காரி என்று கூவுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் பச்சை நார், விரல்கள் பின்னிக்கொண்டே இருக்கின்றன. காலடியில் முடிந்த சட்டைகள் பத்து. கையில் இருப்பது பதினோராவது. கொளுத்தும் இடம் வந்துவிட்டது. சட்டையில் ஒரு கை இன்னும் பாக்கி.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838 அக்டோபரில் வெளியிட்ட சிறு தொகுப்பில் இருக்கும் ‘காட்டு அன்னங்கள்’ கதையின் உச்சக்கட்டம் இது. வண்டியில் இருக்கும் எலிசா ஓர் அரசனின் மகள். சிற்றன்னை அவளைக் குடியானவர் வீட்டுக்கு விரட்டினாள். அண்ணன் தம்பி பதினொரு பேரையும் அன்னங்களாக்கிப் பறக்கவிட்டாள். பதினைந்து வயதில் எலிசா அரண்மனைக்குத் திரும்பியபோது அக்ரூட் சாற்றை உடம்பெங்கும் பூசிக் கறுக்கவைத்து, தலைமுடியைச் சிக்காக்கி, பெற்ற தகப்பனே இவள் என் மகளல்ல என்று சொல்லும்படி செய்தாள். நாடும் வீடும் பேரும் போன ஒருத்தி, இரண்டு கைகளை மட்டும் வைத்துக்கொண்டு மாயத்தை எதிர்த்து நிற்பதுதான் கதை.

இந்தச் சட்டகம் இன்று பெரும் சந்தை பிடித்திருக்கிறது. ஜப்பானிய இலகு நாவல்களிலும் அவற்றைப் பார்த்து எழுதப்படும் மற்ற நாட்டுக் கற்பனைக் கதைகளிலும், நாடு கடத்தப்பட்ட பிரபுகுலப் பெண் மருந்து காய்ச்சியோ ரொட்டி சுட்டோ மந்திரக் கல் இழைத்தோ பிழைத்துக்கொள்கிறாள். ஏன் எப்போதும் இந்த மூன்றும் ஒன்றாக வருகின்றன: வெளியேற்றம், கைத்தொழில், மாயம்? எழுத்தாளரின் வசதிக்காக ஒட்டவைத்த மூன்று துண்டுகள் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆண்டர்சன் பிறந்த டென்மார்க்கின் சட்டத்தையும் வழக்குகளையும் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. அங்கே இவை மூன்றும் ஒரே வாழ்க்கையில் நிஜமாகவே வந்து சேர்ந்தவை.

தமிழில் இதைச் சொல்வது எளிது. கையால் செய்வது கைவினை. பிறர் கெட ஏவிவிடுவது செய்வினை. இரண்டிலும் வினை ஒன்றே. பார்க்கிறவன் யார், செய்கிறவள் யார் என்பதைப் பொறுத்து முன்னொட்டு மட்டும் மாறுகிறது.

*

முதலில் அந்தச் செடி. எலிசாவின் கனவில் வரும் தேவதை, குகையைச் சுற்றி முளைத்திருப்பதும் கல்லறைத் தோட்டத்தில் முளைத்திருப்பதுமான ஒரு செடியை மட்டும் பறிக்கச் சொல்கிறாள். கை கொப்புளிக்கும். அதை வெறுங்காலால் மிதித்து நார் எடுத்து, முறுக்கி, நீளக் கை வைத்த கவசச் சட்டைகள் பதினொன்று பின்ன வேண்டும். அன்னங்கள்மீது வீசினால் மந்திரம் அறும். ஒரு நிபந்தனை: தொடங்கிய நொடி முதல் முடியும்வரை, ஆண்டுக்கணக்கில் ஆனாலும், வாய் திறந்து ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் அந்தச் சொல்லே சகோதரர்களின் நெஞ்சில் கத்தியாய் இறங்கும்.

அந்தச் செடிக்கு நம்மூரில் நேர்ப்பெயர் இல்லை. படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டால் துள்ளவைக்கும் செந்தட்டி, காஞ்சொறி என்று நாம் சொல்பவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியச் செடி வேறு குடும்பம். ஆனால் வேலை ஒன்றுதான் என்பதால் செந்தட்டி என்றே சொல்லிக்கொள்வோம். அதன் தண்டிலும் இலையிலும் இருக்கும் ஒவ்வொரு சுணையும் ஓர் ஊசிமருந்துக் குழல். நுனி கண்ணாடிபோல் சிலிக்காவால் ஆனது. தொட்டதும் நுனி ஒடிந்து, கூர்மை தோலுக்குள் போய், ஹிஸ்டமின் உள்ளிட்ட சாறு இறங்குகிறது. காய்ந்துவிட்டால் கடிக்காது. எலிசா காயும்வரை காத்திருக்கவில்லை. பச்சை நாரையே முறுக்குகிறாள்.

இது வெறும் கற்பனைத் துன்பமா, நடக்கக்கூடிய வேலையா? நேபாளத்தின் கிழக்கே சங்குவாசபா மாவட்டத்து ராய் இனப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் ‘அல்லோ’ என்றழைக்கும் இமயமலைச் செந்தட்டி ஆளுயரத்துக்கு மேல் வளரும். மழைக்காலம் முடிந்தபின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தண்டை வெட்டுகிறார்கள். பட்டையை உரித்துக் காயவைத்து, விறகுச் சாம்பல் கரைத்த நீரில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். பிறகு ஓடைக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைத்து, ஒருவகை வெள்ளைக் களிமண்ணைப் பூசித் தேய்த்தால்தான் நார் ஒட்டாமல் பிரியும். காய்ந்தபின் உதறி, தக்கிளியில் சுற்றி, சுமையோடு மலைப்பாதையில் நடந்தபடியே நூற்கிறார்கள். அதே பேரினச் செடி நீலகிரியிலும் வளர்கிறது; 19-ஆம் நூற்றாண்டின் நார்ப்பயிர் ஏடுகளில் நீலகிரிச் செந்தட்டி என்றே பெயர் பெற்றிருக்கிறது.

ஆண்டர்சன் இந்த வரிசையில் பாதியை விட்டுவிட்டார். ஊறவைப்பது இல்லை, வேகவைப்பது இல்லை. ஆனால் காலால் மிதிப்பதைச் சரியாகவே பிடித்திருக்கிறார். தண்டின் நடுவில் இருக்கும் கட்டையை நொறுக்கினால்தான் வெளிப்புற நார் தனியே வரும். மற்ற இடங்களில் மரக் கருவியால் செய்யும் வேலை, குகையில் கருவி இல்லாதவளுக்குக் காலால் ஆகிறது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நீளக் கை வைத்த சட்டைக்கு 300 கிராம் நூல் என்று வைத்துக்கொள்வோம். காட்டுச் செந்தட்டியின் காய்ந்த தண்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு நார் தேறினால் நல்ல விளைச்சல். சட்டை ஒன்றுக்கு 6 கிலோ காய்ந்த தண்டு, பதினொன்றுக்கு 66 கிலோ. பச்சையாகப் பறிக்கையில் எடை இன்னும் பல மடங்கு. சேதாரம் தனி. கதையில் ஏழாவது சட்டையைத் தொடங்கும்போது எலிசாவிடம் நார் தீர்ந்துபோகிறது. இந்த ஒரு சின்னத் தகவலால்தான் மீதிக் கதையே நகர்கிறது. நார் தேடித்தான் அவள் இரவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறாள். மந்திரக் கதையில் கச்சாப் பொருள் தட்டுப்பாடு! இருப்பு தீர்வதை எண்ணிப் பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

*

ஆண்டர்சனுக்குக் கைவேலை தூரத்து விஷயமல்ல. ஃபூன் தீவின் ஓடென்ஸ நகரில் 1805-இல் பிறந்தவர். தகப்பனார் செருப்புத் தைத்தார், தாயார் ஊரார் துணி துவைத்தார். பாட்டி அவ்வூர் மருத்துவமனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அங்கே ஏழைக் கிழவிகள் உட்கார்ந்து நூற்கும் அறைக்குப் பேரனும் போவான். கதைகளில் பலவற்றை அங்கேதான் கேட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சிறுவனாகக் கொஞ்ச நாள் துணி ஆலையிலும் வேலை பார்த்தார். பொம்மைகளுக்கு உடை தைப்பார். கத்தரிக்கோலை எடுத்தால் காகிதத்தில் அரண்மனையும் அன்னமும் நடனக்காரியும் விழும். அந்தக் காகித வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இன்றும் இருக்கின்றன.

அதே ஃபூன் தீவின் தென்மேற்கே வோல்ட்டோஃப்ட என்ற ஊரருகில் லூசெஹோய் என்ற புதைமேடு உண்டு. வெண்கலக் காலத்துப் பெரிய மனிதர் ஒருவரின் எரிந்த எலும்புகளை ஒரு துணியில் சுற்றி வெண்கலக் கலத்தில் வைத்துப் புதைத்திருந்தார்கள். கி.மு. 940-க்கும் 750-க்கும் இடைப்பட்ட காலம். அந்தத் துணி செந்தட்டி நாரால் நெய்தது என்பதை 2012-இல் வெளியான ஆய்வு மீண்டும் சோதித்து உறுதிசெய்தது. நாரில் இருந்த ஸ்ட்ரான்ஷியத்தின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: செடி டென்மார்க்கில் முளைத்ததல்ல. பெரும்பாலும் இன்றைய ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் வளர்ந்து, அங்கிருந்து வந்திருக்க வேண்டும். ஆளிச்செடி பயிராகிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஒரு பெரிய இடத்துச் சாவுக்குக் காட்டுச் செடியின் துணியைத் தூர தேசத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இல்லாதவர் உடுத்துவது என்று நாம் நினைக்கும் நார், அங்கே மேன்மக்களின் போர்வை.

ஆண்டர்சன் இதை அறிந்து எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எடுத்தாண்டது மத்தியாஸ் வின்டர் 1823-இல் அச்சிட்ட டேனிய நாட்டார் கதைத் தொகுப்பிலிருந்து. ஆனால் செந்தட்டித் துணியும், சாவும், அரசகுலமும் அந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருந்தன என்பது மனத்தில் தங்கிவிட்டது. பருத்தி வந்தபின் இந்த நார் ஒதுங்கிப்போனது. ஜெர்மன் மொழியில் முரட்டுப் பருத்தித் துணியை இன்றும் செந்தட்டி என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். நார் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதல் உலகப்போரில் கடல் முற்றுகையால் பருத்தி வராமல் நின்றபோது, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மறுபடி செந்தட்டி பறிக்க ஆள் அனுப்பின, சிப்பாய்களின் உடுப்புக்காக.

*

கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 49-ஆவதாக வரும் ‘ஆறு அன்னங்கள்’ இதே கதையின் ஜெர்மன் உடன்பிறப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். கிரிம் கதையில் சட்டைக்கு நட்சத்திரப் பூக்கள், கொட்டாது, கொப்புளிக்காது. பதிலுக்கு ஆறு ஆண்டுகள் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. ஆண்டுக்கு ஒரு சட்டை. ஆண்டர்சனிடம் முதல் சட்டை ஓர் இரவும் பகலும் கழிவதற்குள் முடிந்துவிடுகிறது. அவர் காலத்தைக் குறைத்து வலியைக் கூட்டினார். கிரிம் கதை சொன்ன பெண்களோ வலியைத் தராமல் காலத்தை நீட்டினார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கொடுமை. சிரிக்காத ஆறு ஆண்டுகள் என்பது தறிக்கும் ஊசிக்கும் வாழ்க்கைப்பட்டவர்களுக்கே தோன்றக்கூடிய அளவு.

கிரிம் கதையில் இன்னொரு நுட்பம். சிற்றன்னை பையன்களை அன்னமாக்கியது எப்படி? வாயால் மந்திரம் சொல்லியல்ல. சின்னச் சின்ன வெள்ளைப் பட்டுச் சட்டைகள் தைத்தாள், தாயிடம் கற்ற சூனியத்தை அதில் வைத்தாள், பையன்கள்மீது வீசினாள். கட்டியதும் சட்டை, அவிழ்த்ததும் சட்டை. சிற்றன்னை தைத்தது செய்வினை, மகள் தைத்தது கைவினை என்று நாம் பிரிக்கிறோம். ஊசிக்கு அந்தப் பேதம் தெரியாது. ஆண்டர்சன் இந்தச் சமனைக் குலைத்துவிட்டார். அவருடைய அரசி, பறந்து போங்கள் என்று சொல்கிறாள், பறந்துவிடுகிறார்கள். கெடுப்பதற்கு ஒரு வாக்கியம், மீட்பதற்குப் பதினொரு சட்டை. கதை இதனால் வலுப்பெற்றது. ஆனால் இரண்டு பெண்களும் ஒரே தொழிலின் இரு முனைகள் என்ற பழைய அறிவு அதில் மறைந்துபோனது.

*

எலிசாவைக் காட்டில் கண்ட வேற்றுநாட்டு அரசன் அவளை மணக்கிறான். பேராயருக்கு அவள்மீது ஐயம். இரவில் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதைக் கண்காணித்து அரசனிடம் சொல்கிறார். அவரும் பார்க்கிறார், அரசனும் பார்க்கிறான். அவர்கள் கண்ணில் படுவது பிணம் தின்னும் பேய்களும் அவற்றைத் தாண்டிப் போகும் ஒரு பெண்ணும். அவள் பறிப்பது நார்ச்செடி என்பது மட்டும் படவில்லை. தொழில் தெரியாத கண்ணுக்குத் தொழிலாளியின் நடமாட்டம் எப்போதும் சந்தேகத்துக்குரியதுதான். விளக்கம் சொல்ல அவளால் முடியாது, வாய் கட்டியிருக்கிறது. ஊரார் தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறான் அரசன். எரிக்கச் சொல்கிறது ஊர்.

இந்த இடத்தில் ஆண்டர்சன் புனையவில்லை. டென்மார்க்கில் நான்காம் கிறிஸ்டியன் அரசர் 1617 அக்டோபர் 12-ஆம் தேதி சூனியக்காரர்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். லூதரின் சீர்திருத்தம் தொடங்கி நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் வேளை அது. சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்ட சூனியக்காரிக்கு நெருப்பு. ஆனால் சாத்தானை அழைக்காமல், ஓதுவது, அளப்பது, மூலிகை கொடுப்பது, காணாமற்போன பொருளுக்குக் குறி சொல்வது என்று நல்லதே செய்துவந்த கைராசிக்காரர்களுக்கு? சொத்துப் பறிமுதல், நாடு கடத்தல். இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தன. வெளியேற்றப்பட்டவள் மாயம் கற்றுக்கொள்கிறாள் என்று கதை சொல்கிறது. கைவைத்தியமும் மாயமும் அறிந்தவளை வெளியேற்று என்று சட்டம் சொல்கிறது. கதை ஒரு முனையிலிருந்து சொல்வதைச் சட்டம் மறுமுனையிலிருந்து சொல்கிறது.

ஆணை வந்த பின்பான எட்டு ஆண்டுகளில் வழக்குகள் குவிந்தன. டென்மார்க்கில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. பெரும்பகுதி அந்த ஆண்டுகளில்தான். (அதே அரசரின் பெயரில்தான் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆகித் தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் மிளகுக்கும் துணிக்கும் பேரம் பேசிய அதே நிர்வாகம், தன் ஊரில் கிழவிகளின் பானைகளைச் சோதித்துக்கொண்டிருந்தது.)

கொல்லப்பட்டவர்கள் அநேகமாக ஏழைகள். பிரபுகுலத்தில் ஒரே ஒருவர்: கிறிஸ்டென்ஸ குருக்கோ. 1558-இல் பிறந்தவர். ஆண்டர்சனின் அதே ஃபூன் தீவில், நக்கெபொல்ல மாளிகையில் பிரபு குடும்பமொன்றை அண்டி வாழ்ந்தார். அந்த வீட்டு எஜமானிக்குப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் இறந்தது. அடுத்தடுத்துச் சாவு விழும் வீட்டில் யார்மீதாவது பழி விழ வேண்டும். 1596-இல் இரண்டு பெண்கள் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து கிறிஸ்டென்ஸவின் பெயரும் வந்தது. பிரபுகுலத்தவர் என்பதால் அன்று தப்பினார், ஆனால் அங்கே இருக்க முடியவில்லை. வடக்கே ஆல்போர்க் நகரில் இருந்த சகோதரியிடம் போய்ச் சேர்ந்தார். கால் நூற்றாண்டு கழித்துப் பழைய பேச்சு அங்கேயும் தேடிவந்தது. பெண்கள் கூடி மெழுகில் குழந்தை செய்ததாகக் குற்றச்சாட்டு. 1621-இன் கோடையில் கோபன்ஹேகனில் அவரது தலை வெட்டப்பட்டது. தீயில் இடாமல் வாளுக்குக் கொடுத்ததுதான் பிறப்புக்குக் கிடைத்த மரியாதை. ஏழை மாணவர்கள் படிக்கவென்று அவர் பணம் விட்டுச்சென்றார். அக்காலத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் முதன்மையாகப் பாதிரிமார்களைத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தது என்பதை இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

டேனிய எழுத்தாளர் ஓல்கா ராவ்ன் இவரை வைத்து 2023-இல் ‘மெழுகுக் குழந்தை’ என்ற நாவலை எழுதினார். கதை சொல்வது அந்த மெழுகுப் பொம்மையே. செய்யப்பட்ட பொருளின் வாயிலிருந்தே செய்தவளின் கதையைக் கேட்பது நல்ல யோசனை. 

*

கிறிஸ்டென்ஸவின் தலை விழுந்த அதே கோடையில், ஃபிரெதரிக்ஸ்போர்க் அரண்மனையில் நான்காம் கிறிஸ்டியனுக்கு ஒரு மகள் பிறந்தாள். பெயர் லியோனோரா கிறிஸ்டினா. தாய் முழு உரிமை பெற்ற அரசியல்ல. ஆகவே பெண்ணும் இளவரசி இல்லை, கோமகள்தான். கணவர் கார்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் நாட்டின் மிகப் பெரிய அதிகாரி. மாமனார் இறந்தபின் புதிய அரசரோடு பகை மூண்டது. 1651-இல் இருவரும் நாட்டைவிட்டு ஓடினார்கள். அதன்பின் எதிரி நாடான சுவீடனில் அடைக்கலம், இடையில் போர்ன்ஹோல்ம் தீவுக் கோட்டையில் சிறை. 1663-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸிடம் பழைய கடனைக் கேட்கப் போனார் லியோனோரா. கடன் திரும்பவில்லை, அவரைத்தான் டென்மார்க்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நீதிமன்ற விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. கோபன்ஹேகன் கோட்டையின் நீலக் கோபுரத்தில் ஏறத்தாழ 22 ஆண்டுகள்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. உல்ஃபெல்ட் கையில் அகப்படவில்லை. ஆகவே அவரைப் போல் ஓர் உருவப் பொம்மை செய்து, அதன் தலையை வெட்டி, உடலைக் கூறுபோட்டு, மரண தண்டனையை முறைப்படி நிறைவேற்றினார்கள். ஆல்போர்க் பெண்கள் மெழுகில் பொம்மை செய்தால் அது செய்வினை. அரசு செய்தால் அது நீதி.

கோபுரத்து அறையில் லியோனோராவிடம் முதலில் ஒன்றுமே இல்லை. எழுதக் கூடாது, தைக்கக் கூடாது. கை சும்மா இருந்தால்தான் மனம் உடையும் என்பது காவலர்களுக்குத் தெரியும். அவர் தன் ஆடையிலிருந்த பட்டு நாடாவைப் பிரித்து இழை எடுத்தார், தைத்தார். கணப்பைப் பழுதுபார்க்க வந்த களிமண்ணில் சிறு பொருள்கள் பிடித்தார். மெழுகுவர்த்திப் புகையைக் கரண்டியில் பிடித்து, பியரில் குழைத்து மை செய்தார். விளக்குக் கரியில் கண்மை கூட்டிய வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்தச் செய்முறையை விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை சுற்றிவந்த காகிதத்தில் எழுதினார். நூல் பிரிப்பதும் நூல் எழுதுவதும் அந்த அறையில் ஒரே பிழைப்பாக இருந்தன. எலியையும் தெள்ளுப்பூச்சியையும் மணிக்கணக்கில் கவனித்து அவற்றின் நடத்தையைக் குறித்துவைத்தார். ஒரு கோமகளுக்கு அரண்மனை கற்றுத்தந்த கைவேலை பொழுதுபோக்குக்கானது. கோபுரத்தில் அது மூச்சு.

எலிசாவுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம். சிறையில் எலிசாவுக்குப் பஞ்சுத் தலையணைக்குப் பதிலாகச் செந்தட்டிக் கட்டையும், போர்வைக்குப் பதிலாகப் பின்னிய சட்டைகளையும் தருகிறார்கள். துன்புறுத்தத் தந்தவை அவளுக்கு வேண்டிய பொருள்களாகவே அமைந்துவிடுகின்றன. லியோனோராவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஒவ்வொரு இழையையும் தானே திருட வேண்டியிருந்தது.

*

இன்றைய கற்பனைக் கதைகளுக்கு வருகிறேன். சதோரு யமகுச்சி எழுதி 2020-இல் அனிமே தொடராகவும் வந்த கதையில் கத்தரினா கிளேஸ் என்ற பிரபு வீட்டுப் பெண், தான் ஒரு விளையாட்டின் வில்லியாக மறுபிறவி எடுத்திருப்பதை உணர்கிறாள். எந்த வழியில் போனாலும் முடிவு நாடு கடத்தல் அல்லது சாவு. உடனே மண்வெட்டியைக் கையில் எடுத்து மாளிகைத் தோட்டத்தில் காய்கறி போடுகிறாள். துரத்திவிட்டால் விவசாயம் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாமாம். சிரிப்பாக இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கதைகள் பலவற்றில் கைத்தொழில் ஒரு தரவரிசை எண்ணாகச் சுருங்கிவிட்டது. மூலிகையைப் பறித்தாள், திறன் ஏறியது, மருந்து மின்னியது. ஊறவைத்தல், சேதாரம், தீர்ந்துபோன இருப்பு எதுவும் அதில் கிடையாது. எலிசாவின் கல்லறைத் தோட்டம் இல்லாத எலிசாக்கள்.

விதிவிலக்கும் உண்டு. மியா கஸுகியின் ‘புத்தகப் புழுவின் எழுச்சி’ கதாநாயகி மைன் பிரபுகுலத்தில் பிறந்தவளல்ல, ஏழைச் சிப்பாயின் மகள்; புத்தகம் இல்லாத உலகில் விழுந்த வாசகி. புல்லைப் பின்னித் தாளாக்கிப் பார்க்கிறாள், வரவில்லை. களிமண் பலகை சுட்டுப் பார்க்கிறாள், வெடிக்கிறது. மரச்சீவல்களில் எழுதுகிறாள், வீட்டில் விறகென்று நினைத்து அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். பட்டையை வேகவைத்து, சாம்பல் போட்டு, அடித்துக் கூழாக்கித் தாள் எடுக்கும்வரை பக்கம் பக்கமாகத் தோல்விதான். ராய் இனப் பெண்களின் ஓடைக்கரை வேலைக்கு மிக அருகில் வருவது, மாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதிய இந்தப் பகுதிகளே.

மீண்டும் நீலக் கோபுரத்துக்கு வருவோம். லியோனோராவை அடைத்துவைக்கச் செய்தவர் என்று அவர் நம்பிய அரசமாதா சோஃபி அமாலியா 1685 பிப்ரவரியில் இறந்தார். மே மாதத்தில் கோபுரக் கதவு திறந்தது. உள்ளே போனபோது 42 வயது. வெளியே வந்தபோது 63. லோலண்ட் தீவின் மரிபோ மடத்தில் தங்கி, சிறை நினைவுகளைச் செப்பமாக எழுதி முடித்து, 1698-இல் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி வாரிசுகள் வழியே ஆஸ்திரியப் பிரபு குடும்பமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ‘துயரின் நினைவு’ என்ற பெயரில் அது கோபன்ஹேகனில் அச்சேறியது 1869-இல். அப்போது ஆண்டர்சனுக்கு வயது 64. எலிசா பதினோராவது சட்டையைப் பின்னத் தொடங்கி 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.